வெண்துகிலும் விளக்கொளியும்

காலத்தில் பின்னோக்கிச் செல்ல ஒரு வரம் கிடைத்ததெனக் கொள்வோம். 1832, பாரிஸ் ஓபரா அரங்கில் இறங்குகிறோம். 'லா சில்ஃபீட்' பாலேயில் மரி தாக்லியோனி நுனிவிரலில் எழுகிறார். வெண்துகில் பாவாடை மூடுபனியெனச் சூழ்கிறது. பாலே என்றதும் நம் மனத்தில் விரிவது இன்றும் அந்த வெண்மைதான்.

முப்பதாண்டுகள் தாண்டுகிறோம். அதே அரங்கு, 1862 நவம்பர், ஒத்திகை. தாக்லியோனியின் மாணவி எம்மா லிவ்ரியின் பாவாடையில் எரிவாயு விளக்கின் தீ பற்றுகிறது. தீத்தடுப்புக் கரைசலில் தோய்த்தால் துணி விறைக்கும், வெண்மை மங்கும் என்று அவர் மறுத்திருந்தார். எட்டு மாத வேதனைக்குப்பின், 1863 ஜூலையில் மறைந்தார். 1860இல் குரு அவருக்கென அமைத்த பாலேயில் அவர் ஏற்றது, சுடரில் சிறகு கருகும் வண்ணத்துப்பூச்சியின் வேடம்.

எரிந்து எஞ்சிய அவ்வுடையின் துணுக்குகளை பாரிஸ் ஓபரா பாதுகாத்து வருகிறது. மறுத்தவர் அவர்தான்; ஆனால் அந்த வெண்மையை விரும்பி அரங்கில் அமர்ந்திருந்தவர்கள் நாமல்லவா?