ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை

கண்டிக்கு மேலே ஹந்தானை மலையில், பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று அருங்காட்சியகமாகியிருக்கிறது. மலையகத் தேயிலைத் தோட்டங்களூடாகப் போகும் பீக்கோ நடைபாதை அங்கேதான் தொடங்குகிறது. மொத்தம் 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கும் மேல். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன. ஆனால் புதிதாக வெட்டிய பாதை இதில் அதிகம் இல்லை. கோப்பியும் தேயிலையும் இறக்கப் போட்ட வண்டிப்பாதைகளையும், கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கியவர்களின் குறுக்குப்பாதைகளையும் சேர்த்துக் கோத்திருக்கிறார்கள். குழுவாக நடக்க வருகிறவர்கள் அந்த மனிதர்களைத் தெரிந்துகொண்டு நடக்கவேண்டும் என்பது என் ஆசை.

கலஹா தாண்டினால் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் இலங்கையின் முதல் வணிகத் தேயிலையை 19 ஏக்கரில் போட்ட தோட்டம். அவர் உட்கார்ந்து பார்த்த கல்லிருக்கையில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், எடுக்கட்டும். லூல்கந்துர இருக்கிற இதே ஹேவாஹெட்டைப் பக்கத்தில்தான் முல்லோயா தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி அங்கே செத்தார். டெயிலர் கதையைச் சொல்கிற வழிகாட்டி கோவிந்தன் கதையையும் சொல்லாவிட்டால், கேட்டு வாங்குங்கள்.

தவலந்தென்ன, பூண்டுலோயா பக்கம் ஏற்றம் முழங்காலைப் பிடிக்கும். தேயிலை நிரைகளுக்கு நடுவே படி மாதிரி வெட்டிய மண், மழை பெய்தால் சோப்புப் போல வழுக்கும். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வது நல்லது. ஓரிடத்தில் நாங்கள் மூச்சு வாங்கி நிற்க, எதிரே தலையில் கொழுந்து மூட்டையோடு ஒரு அக்கா இறங்கி வந்தார். காலில் செருப்பில்லை; பெருவிரலை மண்ணில் ஊன்றி ஊன்றி வந்தார். “ஒதுங்குங்க தம்பி, நிறுக்கப் போகணும்” என்றார். எங்கள் கூட்டம் மொத்தப் பாதையையும் அடைத்திருந்தது. அப்படி நிற்கக்கூடாது. கொழுந்து நிறுவைக்குப் பிந்தினால் அவருக்குத்தான் நட்டம். ஒற்றை வரிசையில் போங்கள், எதிரே சுமை வந்தால் மேட்டுப்பக்கம் ஏறி வழிவிடுங்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல் வழியாகப் போகும்போது கமராவை உறையில் போட்டுவிடுங்கள், அது யாரோ ஒருவருடைய வீட்டு முற்றம்.

பூண்டுலோயாவுக்கும் வட்டகொடைக்கும் நடுவே மடக்கும்பரத் தோட்டம் இருக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் பிறந்தது இங்கே. தோட்டத்துச் சனத்தின் வாழ்க்கையை எழுத்தில் வைத்தவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவரை அனுப்பிய மக்களை நாடற்றவர்களாக்கியது.

கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று பாதை ஹட்டனைச் சுற்றிப் போகிறது. தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும் தொழிலாளரைச் சங்கத்தில் சேர்க்கத் தோட்டந்தோட்டமாக அலைந்த பிரதேசம் இது. டயகமவுக்கு மேல் தேயிலை முடிந்து காடு வருகிறது, பிறகு ஹோர்ட்டன் சமவெளியின் புல்லும் குளிரும். அழகுதான், ஆனால் அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அப்புத்தளைப் பக்கம் வந்தால் தேயிலை வணிகர் லிப்டன் உட்கார்ந்து பார்த்த மேடு. அதே மலைத்தொடரின் தெற்குச் சரிவில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தும் சனங்களுக்கு வேறு வீடு கொடுக்கப்படவில்லை. லிப்டன் மேட்டில் நிற்கிற ஒவ்வொருவரும் அறியவேண்டியது இது. லயத்துக்குச் சரிவே இடமாகக் கிடைத்தது.

எல்ல, தெமோதரை தாண்டியதும் பாதை திரும்பி உடபுசல்லாவை, கந்தப்பளை வழியாக நுவரெலியாவின் பீட்ரு தோட்டத்தில் முடிகிறது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கு, பூண்டுலோயா–வட்டகொடை கட்டத்தைச் சொல்வேன். திரும்பிவர வட்டகொடையில் ரயில் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். பகல் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போகாமல், லயத்துக் கடையில் ரொட்டியும் சம்பலும் வாங்கிச் சாப்பிடுங்கள்.