ஐயக்குறி

ஒரு பொருளை ஒன்றாக வைத்திருப்பவனுக்கு, அஃது அழிந்துபோகுமோ என்னும் அச்சம் ஒன்றே. இரண்டாக வைத்திருப்பவனுக்கோ வேறோர் அச்சமும் உண்டு. இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதே அது. பத்திரத்துக்கு நகல் எடுப்போரும் கணக்குக்குப் படி எழுதுவோரும் முதல் அச்சம் நீங்கியதென்று மகிழ்கின்றனர். இரண்டாவதைப் பெரும்பாலோர் எண்ணுவதில்லை. தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்க்கும் எனக்கு அதனை எண்ணாதிருக்க இயலவில்லை. மாதக் கடைசியில் இரண்டு கணக்குகள் ஒவ்வாதபோது, இடையில் நிற்பது வெறும் எண் அன்று. ஒரு குடும்பத்தின் அரிசியும் பிள்ளையின் பள்ளிச் செலவும் அங்கே நிற்கின்றன.

பினாங்குத் தெருவின் கிட்டங்கிகளை நம் மூத்தோர் அறிவர். அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தாரின் முகவர்கள் மூன்றாண்டுத் தவணையில் வந்து அமர்ந்து, ஐந்தொகை எடுத்துச் செட்டிநாட்டு முதலாளிக்கு அனுப்பி வந்தனர். ஆகவே ஒரே கடையின் நிலை கடலுக்கு இப்பால் ஓர் ஏட்டிலும் அப்பால் ஓர் ஏட்டிலுமாக இருந்தது. 1941 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் மீது ஜப்பானியர் குண்டு வீசினர். அம்மாதமே தீவு அவர் கைப்பட்டது. 1945 வரை இந்தியாவுடன் வழக்கமான தபால் தொடர்பு அறுந்து கிடந்தது. இக்கரை ஏட்டில் எழுத்து வளர்ந்தது. அக்கரை ஏடோ நின்ற இடத்தில் நின்றது. இத்தகைய பிரிவுக்குப்பின் இரண்டையும் ஒப்புநோக்கப் புகும் அறிவுடைய கணக்கன் முதற் பக்கத்திலிருந்து தொடங்கான். இரண்டும் கடைசியாக ஒத்திருந்த நாள் எது? அதன்பின் எந்தெந்தப் பக்கங்களில் கை பட்டது? இவ்விரண்டு வினாக்களையே கேட்பான். இன்று கணினியின் இயங்குதளம் தன் வட்டுகளைக் குறித்துக் கேட்பனவும் இவ்விரண்டு வினாக்களே.

தண்ணீர்மலை அடிவாரத்தில் குடியிருந்து, பாலங்கடந்து செபராங் பிறையிலுள்ள செம்பனைத் தோட்டத்துக்கு நாள்தோறும் செல்பவன் நான். எங்கள் ஆபீசுக் கணினியில் இரண்டு வன்வட்டுகள் உள்ளன. ஒன்றில் எழுதப்படுவது மற்றொன்றிலும் அப்படியே எழுதப்படும். கண்ணாடியில் உருவம் தெரிவதுபோல் என்பதால் இதனைக் கண்ணாடிப் பிரதி எனலாம். பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் 1988-இல் பெர்க்லியிலிருந்து வெளியிட்ட கட்டுரையில், பல வட்டுகளை இணைத்தாளும் முறைகளை வகைப்படுத்தி, இதற்கு முதற்படி என்னும் இடத்தைத் தந்தனர். ரெய்டு ஒன்று என்று கடைக்காரர் சொல்வது இதனையே. வன்வட்டு நமக்கு அயலான பொருளும் அன்று. 1972-இல் தோன்றிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், வட்டின் காந்தத் தகடுகளைச் செய்த கோமாக் என்னும் நிறுவனம் இருந்தது. 2007-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் அதனை வாங்கிற்று.

இரண்டு வட்டுகளும் ஒரே நொடியில் எழுதி முடிப்பதில்லை. ஒன்றன் முனை சற்று முந்தும்; மற்றதன் முனை சற்றுப் பிந்தும். அந்த இமைப்பொழுதில் மின்சாரம் அற்றுப்போனால், ஒரு வட்டில் புதிய எழுத்தும் மற்றொன்றில் பழைய எழுத்தும் தங்கிவிடும். மின்சாரம் மீண்டதும் கணினிக்கு எழும் ஐயம் பெரிது. வேறுபாடு எங்கே என்று அறியாதாயின், முழு வட்டையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுத்தே தீரவேண்டும். நான்கு டெராபைட் வட்டு ஒன்றை, நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படியெடுக்க ஏழு மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் மூல வட்டு பழுதுற்றால், படியும் அரைகுறையாகவே நிற்கும்.

இதற்குக் கண்ட மருந்து மிக எளியது. வட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறியிடம் ஒதுக்குவர். அதன் பெயர் பிட். அதில் ஒன்று அல்லது சுழியம் மட்டுமே அடங்கும். 1,024 கிகாபைட் கொள்ளும் வட்டு, பகுதிக்கு 64 மெகாபைட் வீதம் 16,384 பகுதிகளாகும். அத்தனைக்கும் வேண்டிய குறிகள் 2,048 பைட்டில் அடங்கிவிடும். இக்கட்டுரையின் முதலிரண்டு பத்திகளைச் சேமிக்க இதனினும் மிகுந்த இடம் வேண்டும்! லினக்ஸ் இயங்குதளம் 2005-ஆம் ஆண்டையொட்டி இம்முறையை மேற்கொண்டது. ஐ.பி.எம்.மின் ஏ.ஐ.எக்ஸ்., சன் நிறுவனத்தின் சோலாரிஸ் முதலியனவும் வெவ்வேறு வகையில் இதே கருத்தைக் கையாண்டன.

இதன் உயிர் வரிசையில் இருக்கிறது. ஒரு பகுதியில் எழுதவேண்டுமாயின், முதலில் அதன் குறியை வட்டில் பதித்தல் வேண்டும். பின்னரே இரு வட்டுகளிலும் எழுதுதல் வேண்டும். இரண்டும் முடிந்தன என்று தெரிந்தபின்னரே குறியை அழித்தல் வேண்டும். எழுதிவிட்டுப் பிறகு குறிக்கலாம் என்று சோம்பினால், நடுவே மின்சாரம் போகுங்கால் வேறுபாடு இருக்கும், குறி இராது. குறியை அழிப்பதில் மட்டும் சோம்பல் நன்று. லினக்ஸ் சில நொடிகள் பொறுத்தே அழிக்கிறது; அதே பகுதியில் மறுபடியும் எழுத நேருமாயின், குறியை மீண்டும் பதிக்கும் வேலை மிஞ்சும். குறி தேவையின்றி நின்றால், ஒத்திருக்கும் பகுதியொன்றை வீணே ஒருமுறை படியெடுப்போம். குறி தேவையானபோது இல்லையாயின் பொய்க்கணக்கை மெய்யென்று நம்புவோம். முன்னதன் நட்டம் சில நொடிகள், பின்னதற்கு எல்லையில்லை.

ஒரு வட்டைப் பழுதுபார்க்கக் கழற்றிச் சென்றாலும் இக்குறிகள் உதவும். அது திரும்பும்வரை மாறிய பகுதிகளின் குறிகள் அழிக்கப்படாமல் நிற்கும். திரும்பியதும் அவற்றை மட்டும் படியெடுத்தால் போதும். கடல் கடந்த ஐந்தொகைக்கு நேர்ந்த பிரிவு போன்றதே இதுவும்.

இம்முறையின் எல்லையையும் அறிந்துகொள்ளல் வேண்டும். குறி, ஐயம் எங்கே என்று காட்டுமேயன்றி, மெய் எது என்று காட்டாது. திடீரென நின்ற கணினி மீண்டும் எழுந்ததும், குறியிட்ட பகுதியில் ஒரு வட்டிலுள்ளதை மற்றொன்றில் எழுதி இரண்டையும் ஒன்றாக்கும், அவ்வளவே. மேலும், கிராணி தவறி ஒரு கணக்கை அழித்தால் அஃது இரண்டு வட்டுகளிலும் உடனே அழியும். ஆதலின் வேறோரிடத்தில் வைத்த மூன்றாவது படி இல்லாதவன், கண்ணாடிப் பிரதியை நம்பி உறங்கலாகாது.

இதனை நூலறிவு என்று ஒதுக்காமல் எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு குலை வெட்டும் பெரியவர் ஒருவர், தம் மாதக் கணக்கில் குலைகள் குறைகின்றன என்று ஆபீசுக்கு வந்தார். ஆபீசுத் தாளில் ஓர் எண். அவர் கையிலிருந்த சிறு நோட்டில் வேறோர் எண். இத்தகைய வழக்குகளில் மாதம் முழுவதையும் புரட்டுவார்கள், வேலை ஓயாது, இறுதியில் எழுதத் தெரிந்தவன் சொல்லே வெல்லும். அவரோ அமைதியாகச் சொன்னார்: "கிராணி ஐயா, எல்லா நாளும் பார்க்க வேண்டாம். நான் வட்டம் போட்ட நாளை மட்டும் பாருங்கள்."

நோட்டில் இரண்டு தேதிகளுக்கு வட்டம் இருந்தது. அவ்விரு நாளும் பிளாட்பாரத்தில் எண்ணிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டதாம். எண்ணி முடிந்ததா இல்லையா என்ற ஐயம் எழுந்த அக்கணமே, லாரி புறப்படுமுன், வட்டம் போட்டுவிட்டார். அவ்விரு நாட்களின் துண்டுச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தோம். ஒரு நாள் கணக்கு ஒத்திருந்தது. மற்ற நாள் சீட்டு மழையில் நனைந்து, 58 என்பது 53 ஆகப் படிக்கப்பட்டிருந்தது. வழக்குக் கால்மணி நேரத்தில் தீர்ந்தது. ஐந்து குலைகளின் கூலி அவர் கைக்குச் சேர்ந்தது. பெர்க்லியின் பெயரை அவர் கேட்டதில்லை. ஆயினும் ஐயத்தை அது பிறந்த இடத்திலேயே குறித்துவைக்கும் நெறியை அவர் கைக்கொண்டிருந்தார்.

தோழர்களே! நம் மக்களிடம் பல படிகள் உள்ளன: பிறப்புச் சான்றில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறோர் எழுத்து, கூட்டுறவுச் சங்கத்து ஏட்டில் ஒரு தொகை, கையிலுள்ள பாஸ் புத்தகத்தில் வேறொரு தொகை. வேறுபாடு பிறந்த நாளில் ஒருவரும் குறிக்காததால், பேரன் காலத்தில் முழு வரலாற்றையும் புரட்டி அலைகின்றோம். தோட்டத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு வாங்கும்போதே எண்ணைப் படித்துப் பாருங்கள். ஐயமிருந்தால் அங்கேயே வட்டமிடுங்கள். எழுதத் தெரியாதாரும் ஒரு வட்டம் வரையலாம். ஆபீசில் இருப்போரும் அவ்வட்டத்தைக் கண்டு சினங்கொள்ளாமல், அதையே முதலிற் பார்க்கப் பழகிக்கொள்ளல் வேண்டும்.