கிழித்த ஓலை

எங்கள் தம்பி இங்கிலாந்தின் வடகிழக்கே டர்ஹாம் பகுதியில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறான். திருநாவலூரிலேயே தங்கிவிட்ட நாங்கள் அவனுக்கு அண்ணன்மார் இருவர். ஞாயிறுதோறும் அழைப்பான். 2025 மே மாத முதல் ஞாயிறன்று அழைத்தபோது குரலில் வழக்கமான உற்சாகம் இல்லை. அவன் பகுதியில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்திருந்தது. 98 இடங்களில் 65ஐ ரிஃபார்ம் கட்சி வென்றிருந்தது. நெடுங்காலம் அம்மன்றத்தைத் தன் வீடுபோல் வைத்திருந்த லேபர் கட்சிக்குக் கிடைத்தவை நான்கே நான்கு.

"பக்கத்து வீட்டுத் தாத்தாவும் அவங்களுக்குத்தான் போட்டாராம்ணா. எங்கிட்டயே சொல்றாரு" என்றான்.

அந்தத் தாத்தாவைப் பற்றி நாங்கள் முன்பே நிறையக் கேட்டிருக்கிறோம். தம்பி இரவுப் பணியில் இருக்கும்போது வரும் பார்சல்களை வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பவர். முதற் பனிக்காலத்தில் வாசற்படியில் உப்புத் தூவக் கற்றுக்கொடுத்தவர். அவருடைய தகப்பனார் ஈசிங்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். அந்தச் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. தகப்பனார் லேபர், பாட்டனார் லேபர், இவரும் எழுபது வயது வரையில் லேபர். இப்போது, வந்தேறிகளைக் குறைப்போம் என்று சொல்லும் கட்சிக்கு வாக்களித்துவிட்டு, வந்தேறியாகிய எங்கள் தம்பியிடமே வந்து அதைச் சொல்லுகிறார். தம்பிக்குச் சினத்தைவிடக் குழப்பமே மிகுதி. அவனும் 2024 ஜூலையில் அங்கே வாக்களித்தவன்தான். காமன்வெல்த் நாட்டவர் அங்கே முறைப்படி குடியிருந்தால் வாக்குரிமை உண்டு. பதினான்கு ஆண்டுக் கன்சர்வேடிவ் ஆட்சி போகட்டும் என்று லேபருக்குப் போட்டவன், ஓராண்டுக்குள் அவர்கள்மீது அவனே சலிப்புற்றிருந்தான்.

ஒலிபெருக்கியில் போட்டிருந்தபடியால் திண்ணையில் அமர்ந்திருந்த தந்தையாருக்கும் எல்லாம் கேட்டது. அவருக்கு எழுபத்தேழு வயது. டர்ஹாம் எந்தத் திசையில் இருக்கிறதென்று அறியாதவர். "அந்தத் தாத்தாவ எவனாவது வெளிய நிக்க வெச்சிருப்பானுவ" என்றார். பிறகு, "அவர் ஊட்டுக்கு ஓட்டுக் கேட்டு யாரு யாரு வந்தாங்கன்னு கேட்டுச் சொல்லச் சொல்லு" என்று ஒரு வேலையும் கொடுத்தார்.

இந்த இரண்டு வாக்கியங்களும் புரிய வேண்டுமானால் 2005ஆம் ஆண்டு மழையிலிருந்து தொடங்க வேண்டும்.

அவ்வாண்டின் வடகிழக்குப் பருவமழை வட தமிழகத்தை எப்படி அடித்ததென்பது பலருக்கு நினைவிருக்கலாம். எங்கள் நெற்பயிர் கழுத்தளவு நீரில் நின்று அழுகிற்று. நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தது. எங்கள் குடும்பம் பாட்டனார் காலம்தொட்டு ஒரு கட்சிக் குடும்பம். (எந்தக் கட்சி என்பது வேண்டாம். தமிழ்நாட்டில் 1967 முதற்கொண்டு ஆண்ட இரண்டில் ஒன்று என்றால் போதும்.) அந்த உரிமையில் தந்தையார் கட்சியின் உள்ளூர்ப் பெரியமனிதர் ஒருவரைக் காணச் சென்றார். வெளியே இருக்கச் சொன்னார்கள். காலை எட்டு மணி முதல் மாலை விளக்கேற்றும் நேரம் வரை வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே காரியமாக வந்தவர்கள் போனார்கள், வந்தார்கள். இவரை யாரும் அழைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார். பணம் கிடைக்காததைப் பற்றி அவர் பின்னர் ஒரு நாளும் பேசியதில்லை. நின்றதைப் பற்றியே பேசினார்.

2006 மே மாதத் தேர்தலில் அவர் வேறு கட்சிக்கு வாக்களித்தார். விஜயகாந்த் 2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய தேமுதிகவுக்கு. அதை எங்களிடம் சொன்னதே அறுவடை முடிந்து களத்தில் தூற்றிக்கொண்டிருந்தபோதுதான், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்பவர்போல.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. சுந்தரர் பிறந்த ஊர் இது. புத்தூரில் அவர் மணக்கோலத்தில் இருந்தபோது ஒரு கிழவர் ஓலையொன்றைக் கொண்டுவந்து, இவன் பாட்டன் எனக்கு எழுதிக்கொடுத்த அடிமைச் சீட்டு, இவனும் இவன் வழியினரும் எனக்கு ஆள் என்று வழக்காடியதைப் பெரியபுராணம் விரிவாகச் சொல்லும். சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் கிழவர் மூல ஓலையை எடுத்து நீட்ட, பாட்டனார் கையெழுத்து ஒத்துப்போக, பேரன் அடிமை என்று தீர்ப்பாயிற்று. வந்தவர் இறைவன் என்பதால் கதை இனிதே முடிகிறது. ஆனால் அவர் ஓலையைக் கிழித்த அந்தக் கணத்தில் வந்தவர் இறைவன் என்று அவருக்குத் தெரியாது. சிறுவயதில் கோயிலில் இக்கதையைக் கேட்டபோதெல்லாம் எங்களுக்குப் பிடித்த இடம் அதுதான். பாட்டன் எழுதியது பேரனை ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வியில் என்ன தவறு? ஈசிங்டன் சுரங்கத் தொழிலாளியின் மகனும் இதைத்தான் கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது.

தந்தையார் கிழித்த ஓலைக்கு என்ன பலன் கிடைத்தது? 2006இல் தேமுதிக மாநிலம் முழுவதும் சற்றேறக்குறைய 8.4 விழுக்காடு வாக்குப் பெற்றது. வென்ற தொகுதி ஒன்று. அது எங்களுக்கு அருகிலுள்ள விருத்தாசலம். பாமகவின் கோட்டை என்று கருதப்பட்ட அத்தொகுதியில் விஜயகாந்தே நின்று பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2009 நாடாளுமன்றத் தேர்தலில் யாரோடும் சேராமல் நின்று பத்து விழுக்காட்டை எட்டியது. இடம் ஒன்றும் இல்லை. பிரிட்டனில் 2015இல் இதே கணக்கு நடந்தது. யுகிப் கட்சிக்கு ஏறத்தாழ 38 லட்சம் வாக்குகள், 12.6 விழுக்காடு, ஒரே ஓர் இடம். 2024இல் ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 விழுக்காடும் ஐந்து இடங்களும். அதே தேர்தலில் லேபர் 33.7 விழுக்காட்டைக்கொண்டு 650இல் 411 இடங்களை அள்ளியது. ஒரு வாக்கு கூடுதலாயினும் வென்றவருக்கே எல்லாம் என்னும் இந்த முறை அவர்களிடமிருந்து நமக்கு வந்ததுதானே. மூன்றில் ஒரு பங்கினர் ஆதரவோடு அசைக்க முடியாத பெரும்பான்மை பெற்றவர்கள், மற்ற இரண்டு பங்கினரும் தமக்கே எழுதிக்கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுகிறார்கள். லேபர் அரசு ஆட்சிக்கு வந்த சில வாரங்களில், முதியோருக்குக் குளிர்காலக் கணப்புச் செலவுக்கென வழங்கிவந்த இருநூறு முந்நூறு பவுண்டு உதவியைப் பெரும்பாலோருக்கு நிறுத்தியது. மறுவருடம் ஜூன் மாதத்தில் பலருக்கும் மீண்டும் தருவதாக அறிவித்தது. இடையில் அந்த மே மாதத் தேர்தல் வந்து போய்விட்டது. பொங்கல் பரிசை ஒரு முறை நிறுத்தி வைத்துப் பார்த்தால் நம்மூரில் என்ன ஆகும் என்று எண்ணிக்கொண்டால் விளங்கும்.

மக்கள் சினம் கொண்டு மூன்றாமவரிடம் போவதை வெறும் கவர்ச்சி மயக்கம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எங்கள் இலக்கிய நண்பர்களிலும் உண்டு. சினிமாக்காரன் பின்னால் போகிறார்கள் என்று 2006இல் அவர்கள் சொன்னபோது எங்களுக்குச் சற்றுக் கசந்தது. தந்தையார் விஜயகாந்த் படம் இரண்டு மூன்று பார்த்திருந்தால் அதிகம். வாக்குறுதிகளை அவர் நம்பினார் என்றும் சொல்வதற்கில்லை. வண்ணத் தொலைக்காட்சி, இரண்டு ரூபாய் அரிசி என்று திமுக அறிவித்த தேர்தல் அது. ரேஷன் பொருட்கள் வீடு தேடி வரும் என்றார் விஜயகாந்த். இதிலும் எங்கள் ஊர்க்காரர் முந்திக்கொண்டார் என்று நாங்கள் கேலி செய்வதுண்டு. குண்டையூர் நெல்லைத் திருவாரூரில் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்க்கப் பூதகணங்களை ஏவும்படி இறைவனிடம் விண்ணப்பித்தவர் சுந்தரர் அல்லவா! தந்தையார் அந்தக் கேலிக்குச் சிரித்தார். "அரிசி எவன் குடுத்தா என்ன. நம்மள மனுசனா மதிக்கணும்" என்றார்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் இன்ன தெரு இன்ன கட்சிக்கு என்று சாதிவாரியாக எழுதி வைத்ததுபோல் இருக்கும். தேமுதிகவுக்கு எல்லாத் தெருவிலும் கொஞ்சம் விழுந்தது. அந்த அளவில் அது ஒரு நல்ல சினம் என்றே இன்றும் எண்ணுகிறோம். டர்ஹாமில் எழுந்திருக்கும் சினத்துக்கு எங்கள் தம்பி போன்றவர்கள் குறியாக இருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றென்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

2011இல் விஜயகாந்த் அதிமுகவோடு சேர்ந்தார். மின்வெட்டில் ஊரே புழுங்கிக் கிடந்த காலம். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வருமா விடிகாலையில் வருமா என்று தெரியாமல் கையில் டார்ச் விளக்கோடு மோட்டார் கொட்டகையில் படுத்துக் கிடப்பார் தந்தையார். தேமுதிக 41 இடங்களில் நின்று 29இல் வென்றது. திமுக 23இல் நின்றுபோக, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். அவர் அம்முறை ரிஷிவந்தியத்தில் நின்றார். அதற்குள் தொகுதி மறுசீரமைப்பில் திருநாவலூர் என்ற பெயரிலிருந்த தொகுதி மறைந்து நாங்கள் உளுந்தூர்பேட்டையில் சேர்ந்திருந்தோம். அங்கே கூட்டணி வேட்பாளர் அதிமுகக்காரர். முரசுச் சின்னம் எந்திரத்தில் இல்லை. இரண்டு பேரும் வேண்டாம் என்று போட்ட வாக்கைக் கொண்டுபோய் இரண்டில் ஒருவரிடமே அடகு வைத்துவிட்டார் என்று தந்தையாருக்கு வருத்தம். கூட்டணி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 2012 பிப்ரவரி முதல் நாள் பால் விலை, பேருந்துக் கட்டண உயர்வு பற்றிச் சட்டமன்றத்தில் எழுந்த வாக்குவாதத்தோடு முறிந்தது. விஜயகாந்த் பத்து நாள் இடைநீக்கம் செய்யப்பட்டார். பின்னர் அவர் கட்சி உறுப்பினர்கள் எட்டுப் பேர் ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்தனர்.

பிறகு 2016. மக்கள் நலக் கூட்டணியின் முதல்வர் வேட்பாளராக விஜயகாந்த் தேர்ந்துகொண்ட தொகுதி உளுந்தூர்பேட்டை. எங்கள் தொகுதி! பத்தாண்டுகளாகத் தொலைக்காட்சியில் பார்த்தவர் எங்கள் சாலையில் வேனில் நின்றார். உடல் தளர்ந்திருந்தது. பேச்சுக் குழறியது. கூட்டத்தில் இளைஞர்கள் சிலர் அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிந்து சிரித்தார்கள். நாங்களும் முற்றிலும் சிரிக்காமல் இருந்தோம் என்று எழுதினால் அது பொய்.

மே 19 அன்று வாக்கு எண்ணினார்கள். அதிமுகவின் குமரகுரு 81,973. திமுகவின் வசந்தவேலு 77,809. விஜயகாந்த் 34,447. வைப்புத்தொகையும் போயிற்று. மாநிலத்தில் 104 தொகுதிகளில் நின்ற தேமுதிகவுக்கு ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டில் நான்கு வாக்குகள். யார் யாருக்குப் போட்டோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. தாயார் மட்டும், "தோத்துப் போவவா அந்த மனுசன் நம்ம ஊரத் தேடி வந்தாரு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார்.

விஜயகாந்த் 2023 டிசம்பர் 28 அன்று மறைந்தார். ஒரு மாதம் கழித்து, தம்மைக் கோயம்பேட்டுக்கு அழைத்துப்போகும்படி தந்தையார் கேட்டார். கட்சி அலுவலக வளாகத்திலேயே அடக்கம் செய்திருந்தார்கள். அங்கே வருபவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்று வாங்கி உண்டார். கை கழுவிக்கொண்டே, எங்களைப் பாராமல், "நான் அவருக்குப் போடலடா" என்றார்.

2016இல் பழைய கட்சிக்கே போட்டிருக்கிறார். வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு, நாங்கள் இருவரும் வயலில் இருந்த நேரத்தில், அந்தப் பெரியமனிதர் எங்கள் வீட்டுக்கு வந்தாராம். பதினோராண்டுகளுக்கு முன் வேப்பமரத்தடியில் நிற்க வைத்தவரேதான். திண்ணையில் அமர்ந்தார். மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். பயிர் எப்படி, பிள்ளைகள் எப்படி என்று விசாரித்தார். சென்ற முறைகளில் இந்தத் தெருவில் வாக்குக் குறைந்துவிட்டது என்று அவரே சொன்னாராம்.

"அவரு கச்சி இல்லன்னா இவன் நம்ம திண்ணையில வந்து உக்காந்திருப்பானா? உக்கார வெச்ச ஆளுக்கே நான் போடல" என்றார். பேருந்தில் திரும்பும்போது மதுராந்தகம் தாண்டும்வரை வேறு பேச்சில்லை.

2024 அக்டோபர் 27 அன்று விக்கிரவாண்டி வி.சாலையில் நடிகர் விஜயின் தவெக முதல் மாநாடு நடந்தபோது தெற்கேயிருந்து வந்த வாகனங்களால் எங்கள் நெடுஞ்சாலை நிறைந்திருந்தது. தங்கை மகனும் கிளம்பினான். தந்தையார் தடுக்கவில்லை. தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

தம்பி அடுத்த ஞாயிறு மறக்காமல் விடை கொண்டுவந்தான். தாத்தாவிடம் கேட்டிருக்கிறான். லேபர்க்காரர்கள் கதவிலுள்ள கடிதத் துளை வழியே துண்டறிக்கை ஒன்று போட்டுவிட்டுப் போனார்களாம். கன்சர்வேடிவ் கட்சியார் அதுவும் இல்லை. ரிஃபார்ம் கட்சிக்காரர் ஒருவர் மட்டும் அழைப்பு மணியை அழுத்தி, வாசலில் நின்று இருபது நிமிடம் பேசினாராம்.

"அவரு தேநீர் குடிச்சாரான்னு கேளு" என்றார் தந்தையார்.

குடித்தாராம்.