உறை சொன்ன சேதி

போன மாதம் ஒரு ராத்திரி, வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு, ஒரு வியாதியைப் பற்றி நெட்டில் தேட உட்கார்ந்தேன். என்ன வியாதி, யாருக்கு என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லிவிட்டால் இந்தப் பதிவை எழுதுவதிலேயே அர்த்தமில்லை.

பாதியில் கை நின்றுவிட்டது. எங்கள் தெருவுக்கு நெட் கொடுப்பவர் உள்ளூர் கேபிள்காரர். சின்ன வயசு, நல்ல பையன். கூப்பிட்டால் ஓடி வந்து வயரைச் சரிசெய்வான். நான் எந்தெந்த இடத்துக்குப் போகிறேன் என்பது அவனுக்குத் தெரியுமோ என்று ஒரு சந்தேகம். பையன் நல்லவன்தான். ஆனால் நானும் ஒரு காலத்தில் நல்ல பையனாகத்தான் இருந்தேன்.

1974-ல் காஞ்சிபுரத்தில் தபால் கிளார்க்காகச் சேர்ந்தேன். காலையில் பையைப் பிரித்து, தெருவாரியாகத் தபால்களைப் பிரித்துப் போட வேண்டும். கார்டு என்றால் ஒளிவுமறைவே கிடையாது. இன்லண்டும் கவரும் ஒட்டியிருக்கும். ஆனால் பிரிக்காமலே வெளிப்பக்கம் நிறையச் சொல்லிவிடும். யாருக்குக் கோர்ட்டிலிருந்து வருகிறது, யாருக்கு மகன் மணியார்டர் அனுப்புவதை நிறுத்திவிட்டான், எல்லாம் எங்களுக்குத் தெரியும்.

ஒரு நெசவாளர் வீட்டுக்குத் தாம்பரம் சானடோரியத்திலிருந்து அடிக்கடி கவர் வந்தது. அந்தப் பெயரே போதும், டி.பி. என்று குழந்தைக்கும் தெரியும். டீக்கடையில் அவர் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தபோது, "அவங்க வீட்ல யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டேன். அக்கறையில்தான் கேட்டேன். எங்கிருந்து தபால் வருகிறது என்பதையும் சொல்லிவிட்டேன்.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் ஒரே மாதத்தில் நின்றுபோனது. நான் பேசியதால்தான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து அந்த நெசவாளர் கவுன்ட்டருக்கு வந்து இரண்டு இன்லண்ட் வாங்கினார். சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, "நீங்க கவரைப் பிரிக்கலை சார், அது எனக்குத் தெரியும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லீவுக்கு வந்த பேரனிடம் என் சந்தேகத்தைக் கேட்டேன். அவன் சொன்னதை எங்கள் இலாகா பாஷையில் சொல்கிறேன். இன்று பெரும்பாலான தளங்கள் ஒட்டிய கவர் மாதிரி. உள்ளே என்ன படிக்கிறோம் என்பது நெட் கொடுப்பவருக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது பொதுவாக வெளியே தெரியும். சானடோரியம் கவர் போலத்தான். விபிஎன் என்பது, அந்தக் கவரை இன்னொரு பெரிய கவருக்குள் வைத்து ஒரு கம்பெனியின் விலாசத்துக்கு அனுப்புவது. கம்பெனி வெளிக்கவரைப் பிரித்து, உள்கவரைத் தன் பெயரில் தபாலில் சேர்க்கும். கேபிள்காரருக்குத் தெரிவது அந்தக் கம்பெனியின் விலாசம் மட்டுமே.

"அப்போ அந்தக் கம்பெனிக்கு எல்லாம் தெரியுமே?" என்றேன்.

"தெரியும் தாத்தா. இவங்களை நம்புறதுக்குப் பதிலா அவங்களை நம்புறோம். அவ்வளவுதான்."

அதனால் எதை எடுத்தாலும் சரி என்று எடுக்கக் கூடாது. இலவசமாகக் கிடைத்தால் இன்னும் கவனம் வேண்டும். ஃபேஸ்புக் வாங்கிய ஓனாவோ என்ற இலவச விபிஎன், பயனாளிகள் போனில் என்னென்ன ஆப்களைப் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தது. ஆப்பிள் ஆட்சேபித்ததால் 2018-ல் அதை ஆப்பிள் கடையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் ஒரு திருப்பம் வந்தது. 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளரின் பெயர், விலாசம், எதற்காக வாங்குகிறார் என்பதையெல்லாம் ஐந்து வருஷமாவது பதிந்து வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இணையக் குற்றங்களை விசாரிக்க இது தேவை என்பது அரசின் வாதம். அதிலும் நியாயம் உண்டு. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் போன்ற கம்பெனிகள் அப்படிப் பதிய மாட்டோம் என்று இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் இருந்து ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2012-ல் வழக்குப் போட்டபோது அவருக்கு வயது 86. இந்த வயதில் நமக்கெதற்கு இதெல்லாம் என்று கேட்கும் பென்ஷன் நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பேரன் யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். வருஷ சந்தா கட்டினேன். "தாத்தா, கூகுள்ல உங்க பேர்ல லாகின் பண்ணிட்டுத் தேடினா கூகுளுக்குத் தெரியும். அதுக்கு இது உதவாது" என்று எச்சரித்தான். லாக்அவுட் செய்துவிட்டு, அன்று ராத்திரி தேட வேண்டியதைத் தேடி முடித்தேன்.

மறுநாள் கேபிள் பையன் மாதப் பணத்துக்கு வந்தான். "நெட் நல்லா வருதா ஐயா?" என்றான். நல்லா வருதுப்பா என்றேன். அவன்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. டீக்கடையில் அன்று வாயைத் திறந்தவன் நான்தான்.