பொறியும் பழுதும்

பெண்ணையாற்றின் தென்கரையில் விளங்கும் பழம்பதி திருவெண்ணெய்நல்லூர். கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளலின் ஊர் என்று இதனைப் போற்றுவர். ஓலையைக் கொண்டு ஒரு பெருவழக்குத் தீர்க்கப்பெற்ற ஊர் என்னும் புகழும் இதற்கு உண்டு. புத்தூரில் நம்பியாரூரரின் திருமணம் நிகழவிருந்த வேளையில், முதியவர் ஒருவர் வந்து, ஆரூரர் தமக்கு வழிவழி அடிமை என்று கூறி ஓலை ஒன்றைக் காட்டினார். ஆரூரர் சினந்து அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியோலையே என்றும், மூலவோலை தம்மிடம் உள்ளது என்றும் முதியவர் உரைத்தார். வெண்ணெய்நல்லூர் அவையத்தார் அம்மூலவோலையை வாங்கி, ஆரூரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையுடன் ஒப்புநோக்கி வழக்கை முடித்தனர். சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கும் வரலாறு இது.

இவ்வரலாற்றின் சமயப் பொருள் ஒருபுறம் இருக்க, எழுத்தைப் பற்றிய உண்மை ஒன்றும் இதனுள் அடங்கியுள்ளது. எழுத்தைத் தாங்கும் பொருள் எதுவாயினும் கெடக்கூடியது. கெடும் என்பதை முன்னரே உணர்ந்தோர் ஒன்றுக்கு இரண்டாக வைத்துக் காத்தனர். பனையோலையைச் செல் அரிக்கும், ஈரம் கெடுக்கும், நாள் ஆக ஆக அதன் ஓரம் நொறுங்கும். ஆதலின் சுவடிகளுக்கு எண்ணெய் தடவினர். உரிய காலத்தில் புதிய ஓலையில் படியெடுத்தனர். பழந்தமிழ் நூல்கள் இன்று கிடைப்பது ஓலையின் வலிமையால் அன்று. படியெடுத்தோரின் விழிப்பினால் ஆகும்.

ஓலை எழுதும் தொழிலுக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. ஓலையும், எழுத்தாணியும், பழகிய கையுமே போதும். எழுத்தாணி மழுங்கினால் கல்லில் தீட்டிக்கொள்ளலாம். குறை எங்கே உள்ளது என்பது கண்ணுக்கு உடனே புலப்படும். அச்சுத்தொழில் வந்தபின் இந்நிலை மாறியது. விரைவு மிகுந்தது, அதனுடன் கருவியின் உறுப்புகளும் மிகுந்தன.

1712-ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி ஒன்று கடல்கடந்து வந்தது. அடுத்த ஆண்டு செருமனி நாட்டிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவ்வெழுத்துகள் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. சீகன்பால்குவும் அவர்தம் துணைவரும் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்ப்பித்தனர். அக்காலத்து அச்சுப்பொறி கையால் இயக்கப்பட்டது. ஒருவர் எழுத்தின்மீது மை தடவுவார். ஒருவர் தாளை வைத்து அழுத்துவார். அது கெட்டால் ஊர்த் தச்சரும் கொல்லருமே பெரும்பாலும் செப்பனிட இயலும்.

நூறு ஆண்டுகள் கழிந்து, 1814-இல் இலண்டன் நகரத்து 'டைம்ஸ்' நாளிதழ் நீராவியால் இயங்கும் பொறியில் அச்சிடப்பெற்றது. அப்பொறி மணிக்கு ஏறத்தாழ 1,100 தாள்களை அச்சிட்டது. அந்நாளில் அது பெருவியப்பு. இந்நாளில் நாளிதழ்களை அச்சிடும் பெரிய ஆஃப்செட் பொறிகளோ மணிக்கு 70,000 படிகளுக்கு மேல் அச்சிட்டு, வெட்டி, மடித்துத் தரவல்லவை. அவற்றினூடே தாள் ஒரு நொடிக்குப் பத்து மீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் ஓடும்.

அத்தகைய பொறி தொழிற்படும் முறையை அறிந்தால், அது பழுதாவதன் காரணமும் விளங்கும். முதலில் மெல்லிய உலோகத் தகட்டில் பக்கம் பதிவாகிறது. எழுத்தும் படமும் உள்ள இடம் எண்ணெய்ப் பசையுள்ள மையை ஏற்கும். ஏனைய இடம் நீரை ஏற்று மையை விலக்கும். உருளையிற் பூட்டிய அத்தகட்டிலிருந்து மை, ரப்பர் போர்த்திய மற்றோர் உருளைக்கு மாறி, அங்கிருந்து தாளில் பதிகிறது. கருப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் ஆகிய நான்கு மைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக மயிரிழையும் பிசகாமல் பொருந்தினால்தான் வண்ணப்படம் தெளிவாக அமையும். இதற்காக மை உருளைகள், நீர் உருளைகள், பற்சக்கரங்கள், பேரிங்குகள், மின்னோடிகள், வெட்டும் கத்திகள், மடிக்கும் உறுப்புகள், இவற்றை எல்லாம் ஆளும் மின்னணுக் கருவிகள் எனப் பல்லாயிரம் உறுப்புகள் ஒருங்கே இயங்க வேண்டும்.

இங்கே சிறு கணக்கு ஒன்றைச் செய்து பார்த்தல் நலம். ஒரு பொறியின் ஓர் உறுப்பு 100 நாள்களில் 99 நாள் தவறாது உழைக்கும் என்று கொள்வோர், அதனை நல்ல உறுப்பென்றே மதிப்பர். அத்தகைய உறுப்புகள் இரண்டு இருந்து, ஒன்று கெட்டாலும் பொறி நிற்கும் என்றால், அப்பொறி 100-க்கு 98 நாள் ஓடும். உறுப்புகள் பத்தானால் ஏறத்தாழ 90 நாள் ஓடும். நூறானாலோ 37 நாள்தான் குறைவின்றி ஓடும். ஒவ்வோர் உறுப்பும் நல்லதே. எனினும் கூட்டு நன்றாக இல்லை. உறுப்புகளைப் பத்து மடங்கு சிறப்பாகச் செய்து, 1,000 நாளில் ஒரு நாளே தவறும்படி அமைப்பதாகக் கொண்டாலும், அத்துணிவில் உறுப்புகளின் தொகையையும் ஆயிரமாக உயர்த்தினால் மீண்டும் அதே 37 தான் விடையாகும். திறமையால் ஈட்டியதைச் சிக்கல் விழுங்கிவிடுகிறது. பெரும்பொறி பழுதாவது விதியின் கொடுமையும் அன்று, கண்ணேறும் அன்று, எண்ணின் இயல்பு.

உறுப்புகளும் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. உலோகத்தோடு உலோகம் உரசினால் தேயும்; உராய்வினால் சூடு பிறக்கும்; சூட்டினால் எண்ணெயின் தன்மை மாறும். மையும் கழுவுநீர்மங்களும் பட்டுப் பட்டு ரப்பர் உருளை இறுகிப்போகும். காற்றில் மிதக்கும் தாள்தூசி இடுக்குகளில் படியும். புதிய பொறிக்கும் இடர் உண்டு. செய்யும்போதும் பூட்டும்போதும் நேர்ந்த பிழைகள் அதன் முதல் நாள்களிலேயே வெளிப்படும். ஆகவே இளமையிலும் முதுமையிலும் நோய் மிகுந்தும், இடைக்காலத்தில் குறைந்தும் இருக்கும் மனித உடலைப் பொறியும் ஒத்திருக்கிறது.

இவற்றினும் நுட்பமான காரணம் ஒன்று உண்டு. உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்துள்ளமையே அது. மழைக்காலத்துக் காற்றின் ஈரத்தைத் தாள் உறிஞ்சிக்கொண்டால் அதன் அளவு சிறிதே மாறும். அம்மாற்றத்துக்கு ஏற்ப இழுவிசையைச் சற்றுக் கூட்டுவர். அதே வேளையில் ஓர் உருளையின் பேரிங் சிறிது தேய்ந்திருக்கலாம். தாளின் விளிம்பில் சிறு கீறல் இருக்கலாம். இம்மூன்றில் எந்த ஒன்றும் தனித்து நின்று பொறியை நிறுத்தாது. மூன்றும் ஒருநாள் கூடும்போது தாள் அறுந்துவிடும். நொடிக்கு இருபது படிகள் ஓடும் விரைவில் அறுந்த தாள் உருளைகளில் சுற்றிக்கொள்ள, எல்லாம் நின்றுபோகும். அப்பொழுது காரணம் யாது என்று வினவினால் ஒற்றை விடை கிடைப்பதில்லை.

சிக்கலின் விலையை உலகுக்கு உணர்த்திய பொறி ஒன்று அமெரிக்க நாட்டில் தோன்றியது. அச்செழுத்துகளை மனிதக் கையைப் போலவே எடுத்துக் கோக்கவும், அச்சிட்டபின் பிரித்து அடுக்கவும் வல்ல பொறியை ஜேம்ஸ் பெய்ஜ் என்பார் அமைத்தார். புகழ்பெற்ற எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் அதன்மீது காதல் கொண்டு, தம் பெருஞ்செல்வத்தை அதில் கொட்டினார். அதில் ஏறத்தாழ 18,000 உறுப்புகள் இருந்தன. ஓடும்போது அது வியக்கத்தக்க விரைவுடன் ஓடியது. ஆனால் அடிக்கடி நின்றது. 1894-இல் சிகாகோ நாளிதழ் ஒன்றில் நிகழ்ந்த சோதனையில் அதன் குறை வெளிப்பட்டது. அதனால் மார்க் ட்வெய்ன் பெரும்பொருள் இழந்தார். அதற்குள், 1886-லேயே ஆட்மர் மெர்கெந்தாலர் அமைத்த லைனோடைப் பொறி வழக்கத்திற்கு வந்துவிட்டது. அது கையைப் பின்பற்ற முயலவில்லை. ஒவ்வொரு வரியையும் ஈயக்கலவையில் புதிதாக வார்த்தது; வேலை முடிந்தபின் அவ்வரிகளை மீண்டும் உருக்கிக்கொள்ளலாம். எழுத்துகளைப் பிரித்து அடுக்கும் பெருந்தொல்லையே அங்கு இல்லாமற்போயிற்று. லைனோடைப்பும் பழுதாகாத பொறி அன்று. ஆயினும் பழுதை ஏற்றுச் செப்பனிட்டு உழைக்கத்தக்க பொறியாக அது விளங்கியது.

பொறியின் உறுப்புகளை எண்ணுவோர் அதனை இயக்கும் மாந்தரை எண்ண மறத்தல் ஆகாது. தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி வந்தபோது, அதனுடன் புறப்பட்ட அச்சுத்தொழிலாளர் வழியிலேயே இறந்தார். பொறி கரை சேர்ந்தது. அதனை அறிந்த கை சேரவில்லை. அவ்வூரில் அத்தொழில் அறிந்த படைவீரர் ஒருவர் கிடைத்தமையால் பணி நடைபெற்றது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. 2015-ஆம் ஆண்டு சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, 1878-இல் தொடங்கப்பெற்ற 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2-ஆம் நாள் அச்சாகவில்லை. மறைமலைநகரில் உள்ள அச்சகத்திற்குத் தொழிலாளர் சென்றுசேர இயலாமையே காரணம். பொறி ஆயத்தமாய் இருந்தும் வழி அடைபட்டமையால் பணி நின்றது. ஆதலின் சாலையும், மின்சாரமும், தாள் வரும் வழியும், தொழிலாளரின் உடல்நலமும் பொறியின் கண்ணுக்குப் புலனாகாத உறுப்புகளே என்பது தெளிவாகும்.

இவ்வுண்மையை உணராதவர் பழுது நேர்ந்தவுடன் கடைசியாகப் பொறியைத் தொட்டவர் மீது பழி சுமத்துவர். இஃது அறமும் அன்று, அறிவும் அன்று. பழிக்கு அஞ்சும் தொழிலாளி, உருளையில் எழும் சிற்றொலியைக் கேட்டும் வாய்திறவான். தான் செய்த சிறுபிழையை மறைப்பான். மறைந்த சிறுகுறை வளர்ந்து பெருங்கேடாகும். சுழலும் உருளைகளிடையே கையை இழக்கும் கொடுமைக்கும் அது வழியாகலாம். பொறியில் எழும் முதல் எச்சரிக்கையைக் கேட்பது அதனருகே நிற்பவன் செவியே. அவன் அச்சமின்றிப் பேசக்கூடிய அச்சகமே நெடுநாள் நன்கு நடக்கும். பொறிக்கு எண்ணெய் எத்துணை இன்றியமையாததோ, தொழிலாளர்க்கு நம்பிக்கையும் அத்துணை இன்றியமையாதது.

பழுது வருவது உறுதி எனின், முயற்சி வீணோ? அன்று. என்றேனும் பழுது வரும் என்பது உறுதி. என்று வரும், எவ்வளவு கேடு செய்யும் என்பவை பெரும்பாலும் மனிதர் கையில் உள்ளன. பொறி ஓடும்போதே அதனை உற்றுநோக்கல், குறித்த நாளில் நிறுத்தித் துடைத்தல், தேயும் உறுப்பை அது முறிவதற்கு முன்னரே மாற்றுதல், நிகழ்ந்த குறைகளை ஏட்டில் குறித்துவைத்தல், இன்றியமையாத உறுப்புக்கு மாற்று ஒன்றை வைத்திருத்தல், தேவையற்ற உறுப்பைச் சேர்க்காதிருத்தல் ஆகியன அதற்குரிய வழிகள். இவற்றைச் செய்வோர் புகழ்பெறுவதில்லை. வராத பழுதை எவரும் காண்பதில்லை. தடுத்தவரையும் எவரும் அறிவதில்லை.

ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும், அங்கிருந்து சிற்றூர்களுக்கும் நாளிதழ்க் கட்டுகள் வந்து சேர்கின்றன. ஆண்டுதோறும் பள்ளிகளுக்குப் பாடநூல்கள் வருகின்றன. ஒருநாள் அவை காலந்தாழ்ந்து வந்தால் மக்கள் குறைகூறுகின்றனர். ஏனைய நாள்களில் அவற்றைப் பற்றி நினைப்பதும் இல்லை. பல்லாயிரம் உறுப்புகள் ஒருங்கிசைந்து ஓடும் பொறியில், ஓர் உறுப்பும் கெடாத நாளே அரியது. அவ்வரிய நாளை அன்றாட நிகழ்ச்சியாக்கித் தருவோர், இரவெல்லாம் மைபடிந்த கைகளுடன் கண்விழித்துப் பொறியைப் பேணும் தொழிலாளர் ஆவர். கையில் உள்ள அச்சுத்தாள் ஒவ்வொன்றும் அவர்தம் உழைப்புக்குச் சான்று.