பெரியப்பா அமெரிக்காவில், கார் தூத்துக்குடியில்

வீட்டில் ஒருவன் காமர்ஸ் படித்தால் எல்லாருக்கும் வசதி. பேங்க் ஃபாரம், வரி ரசீது, எல்.ஐ.சி. பிரீமியம் என்று எதை வேண்டுமானாலும் அவன் தலையில் கட்டலாம். "அவன் பி.காம். படிக்கான்லா, அவனுக்குத் தெரியும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்படி என் தலையில் கட்டப்பட்ட ஒரு காரின் கதை இது. இன்சூரன்ஸ் விஷயம்தான், ஆனாலும் கொட்டாவி வராமல் சொல்லப் பார்க்கிறேன்.

2023 செப்டம்பரில் பெரியப்பாவும் பெரியம்மாவும் அமெரிக்கா கிளம்பினார்கள். அங்கே அக்காவுக்குப் பிரசவம். ஆறு மாதம் தங்குவதாகத் திட்டம். பருப்புப்பொடி, பிரசவ மருந்து, கருப்பட்டி எல்லாம் பெட்டியில் ஏறின. ஏற முடியாதது பெரியப்பாவின் வேகன் ஆர் மட்டும்தான். 2019 நவம்பரில் வாங்கிய வண்டி. இரண்டு தெரு தள்ளி இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாவி வந்தது.

"வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் போடு தம்பி. நவம்பர்ல இன்சூரன்ஸ் வரும், அதையும் பாத்துக்கோ" என்றார். நான் அப்போது பி.காம். முதலாமாண்டு. பெரிய ஆடிட்டர் மாதிரித் தலையாட்டினேன்.

நவம்பர் 22-ல் பாலிசி முடிந்தது. நினைவூட்டல் எஸ்.எம்.எஸ். எல்லாம் பெரியப்பாவின் இந்திய நம்பருக்குப் போயிருக்கிறது. அந்த சிம்மோ நியூஜெர்சியில் ஒரு மேஜை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தது. சரி, அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே, அதுதான் கொடுமை. இரண்டு நாள் கழித்து ஆன்லைனில் புதுப்பிக்க உட்கார்ந்தேன். ஓ.டி.பி. அதே நம்பருக்குப் போனது. இங்கே காலை பதினொரு மணி, அங்கே நடுராத்திரி. யாரை எழுப்ப?

அப்போதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் நோ கிளெய்ம் போனஸ் போகாது. அப்பாடா! இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, செமஸ்டர் முடியட்டும் என்று மூடி வைத்துவிட்டேன்.

நான் சறுக்கிய இடம் இதுதான். நோ கிளெய்ம் போனஸ் என்பது வெறும் தள்ளுபடி. நஷ்டஈடு கேட்காமல் ஓட்டிய வருடங்களுக்காக, சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20, 25, 35, 45, கடைசியாக 50 சதவீதம் என்று குறைப்பார்கள். 90 நாள் அவகாசம் அந்தத் தள்ளுபடிக்குத்தான். காப்புக்கு ஒரு நாள் அவகாசம்கூடக் கிடையாது. முடிகிற நாள் நள்ளிரவோடு முடிந்தது முடிந்ததுதான். பெரியப்பாவுக்குச் சேர்ந்திருந்த 45 சதவீதத் தள்ளுபடி பத்திரமாக இருந்தது. கார்தான் அநாதையாக நின்றது.

டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். பெரியப்பா வீட்டு கார் ஷெட்டில் வண்டியின் சீட் வரை ஏறி, மூன்று நாள் அப்படியே நின்றது. வடிந்ததும் நேராகப் போய் சாவியைத் திருப்பப் போனேன். நல்லவேளை, பக்கத்து வீட்டு மாமா கையைப் பிடித்துவிட்டார். தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் எஞ்சினே போய்விடும். முழு பாலிசி இருந்தாலும் அந்தச் சேதத்துக்குச் சாதாரணமாகப் பணம் தரமாட்டார்கள், எஞ்சினுக்கென்று தனியாகக் கூடுதல் காப்பு எடுத்திருக்க வேண்டும்.

ஒயரிங், சீட், தரை விரிப்பு, மின்சாதனங்கள் என்று ஒர்க் ஷாப்பில் கொடுத்த எஸ்டிமேட் 1,38,000 ரூபாய். நான் கட்டாமல் விட்ட பிரீமியம் எட்டாயிரத்துக்கும் கீழே.

பெரியப்பாவுக்கு போன் போட்டபோது எனக்குக் குரலே வரவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்கல்லா? வண்டி கெடக்கு, விடுல." திட்டியிருந்தால்கூடத் தேவலை. செலவில் பாதியை அப்பா பிடிவாதமாகக் கொடுத்தார்.

ஆனால் என் தூக்கம் போனது இதனால் இல்லை. டிசம்பர் முதல் ஞாயிறு அம்மாவையும் தங்கையையும் அந்தக் காரில் திருச்செந்தூர் கூட்டிப்போயிருந்தேன். புது லைசென்ஸ் உற்சாகம் வேறு! மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146-ன்படி மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது. மாட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இரண்டும்கூடக் கிடைக்கலாம். அது போகட்டும். வழியில் யார் மீதாவது மோதியிருந்தால்? தீர்ப்பாயம் சொல்லும் நஷ்டஈட்டை கம்பெனி கட்டாது. ஓட்டிய நானும், வண்டிக்குச் சொந்தக்காரரான பெரியப்பாவும்தான் கட்ட வேண்டும். அமெரிக்காவில் பேரனுக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்த மனிதரின் வீட்டை நான் இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அடகு வைத்திருப்பேன். அவருக்கு அது தெரிந்தேயிருக்காது. வெள்ளம் எடுத்ததற்கு ஒரு கணக்கு உண்டு, இதற்குக் கணக்கே கிடையாது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். நீண்ட நாள் வெளிநாடு போகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், நம் ஊர் கார் பாலிசி நம்மோடு விமானம் ஏறாது. அது வண்டிக்கானது, எல்லை இந்தியா. கூடுதல் பிரீமியம் கட்டினால் நேபாளம், பூடான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு வரை நீட்டலாம். 2002-ம் ஆண்டு இந்திய மோட்டார் டாரிஃப் இதற்கு வைத்த தொகை முழு பாலிசிக்கு 500 ரூபாய், மூன்றாம் நபர் பாலிசிக்கு 100 ரூபாய். அதிகபட்சம் 12 மாதம். வண்டியைக் கப்பலிலோ விமானத்திலோ கொண்டுபோகும்போது ஆகும் சேதம் இதில் சேராது. அந்தப் பட்டியலில் அமெரிக்காவும் இல்லை, துபாயும் இல்லை.

ஆகவே அங்கே போய் மாப்பிள்ளை காரை ஓட்டுவதாக இருந்தால் மாப்பிள்ளையின் பாலிசியைத்தான் பார்க்க வேண்டும். பெரியப்பா அங்கே சூப்பர் மார்க்கெட் வரை ஓட்டலாமா என்று கேட்டபோது, அத்தான் முதலில் தன் கம்பெனிக்கு போன் செய்தார். ஒரு நாள் வந்து ஓட்டும் விருந்தாளி வேறு, வீட்டிலேயே மாதக்கணக்கில் தங்கி ஓட்டுகிறவர் வேறு. மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் வம்பு. டிராவல் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது பொதுவாக மருத்துவச் செலவுக்கும் பெட்டி தொலைவதற்கும்தான். காரால் வரும் பொறுப்பு அதில் வராது.

வண்டியை விற்றுவிட்டுப் போகிறீர்களா? நோ கிளெய்ம் போனஸுக்குச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். பாலிசி முடிந்து மூன்று வருடத்துக்குள் திரும்பி வந்து வேறு கார் எடுத்தால் அந்தத் தள்ளுபடி கிடைக்கும். வெளிநாட்டில் கிளெய்ம் இல்லாமல் ஓட்டிச் சம்பாதித்த போனஸையும், அங்குள்ள பாலிசி முடிந்த மூன்று வருடத்துக்குள் ஆதாரம் காட்டினால் இங்கே ஏற்க டாரிஃப் விதியில் இடமிருக்கிறது.

விற்காமல் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள், ஊருக்குக் கிளம்பும் முன்பே பாலிசியைப் புதுப்பித்துவிடலாம். வண்டி நிற்கத்தானே போகிறது என்று மூன்றாம் நபர் காப்பை மட்டும் எடுத்தால் வெள்ளம், திருட்டு, தீ எதற்கும் காசு வராது. நிற்கிற வண்டிக்கு வரும் ஆபத்தே அவைதான். கம்பெனியிடம் இங்கே இருக்கும் ஒருவரின் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். சாவியை யாரிடம் கொடுத்தாலும் பாலிசி நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

பெரியப்பா 2024 மார்ச்சில் திரும்பி வந்தார். வண்டி ஓடுகிறது, மழைக்காலத்தில் மட்டும் உள்ளே லேசாக ஒரு வாடை வரும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை, நானே கண்ணாடியை இறக்கிக்கொள்வேன். அடுத்த தடவை அவர்கள் கிளம்பினால் சாவி திரும்பவும் என்னிடம்தான் வருமாம். "அவனுக்கு இப்பம்தான் நெசமாவே தெரியும்" என்கிறார் பெரியப்பா.