இஷாப்பூரில் செய்தது

பிப்ரவரி 10, சனி

ஒஹையோவின் குளிர்காலத்தில் வார இறுதி தவறாமல் எங்காவது ஒரு துப்பாக்கிச் சந்தை நடக்கும். மண்டபம் நிறைய மடக்கு மேசைகள், முக்கால்வாசியில் புதுக் கைத்துப்பாக்கிகள். அவற்றைத் தாண்டி மூலைக்குப் போனால்தான் எங்கள் கூட்டம்: நரைத்த தலை, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி, கையில் சின்ன டார்ச். இங்கே யாரும் குறிபார்ப்பதில்லை. எல்லோரும் குனிந்து எழுத்துப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

உலகப் போர்கள் முடிந்து ராணுவங்கள் கழித்துவிட்ட துப்பாக்கிகள்தான் எங்கள் சரக்கு. ரஷ்யாவின் மொசின் நகாந்தை ஒரு காலத்தில் 100 டாலருக்கும் குறைவாக, கிரீஸ் வழிய வழிய மரப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்களாம். 1891-ல் ஜார் ராணுவம் ஏற்றுக்கொண்ட மாதிரி அது. 3 கோடிக்கும் மேல் செய்தார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்ததும் கிடங்குகள் திறந்தன, பெட்டிகள் கப்பலேறின. இப்போது வரத்து நின்றுவிட்டது. விலை பல நூறு டாலர். மூத்தவர்களின் பேச்சில் பாதி இந்தப் பெருமூச்சுதான்.

நான் வாங்கியது ஒரு லீ என்ஃபீல்டு, நம்பர் 1 மார்க் 3 ஸ்டார். மரக்கட்டையும் இரும்பும் சேரும் கழுத்தில் ஒரு கிரீடம், கீழே ஜி.ஆர்.ஐ. என்ற பேரரசரின் எழுத்துகள், அதற்கும் கீழே இஷாப்பூர், 1943. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் பிறந்த துப்பாக்கி.

பிப்ரவரி 11, ஞாயிறு

காலையில் முதல் வேலை பதிவேடு. 50 ஆண்டு கடந்த துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென்று அமெரிக்க அரசு தனி உரிமம் தருகிறது. மூன்று ஆண்டுக்கு 30 டாலர். வியாபாரம் செய்யக்கூடாது, வந்ததையும் போனதையும் எழுதி வைக்க வேண்டும். செய்தவர், மாதிரி, வரிசை எண், தோட்டா அளவு, யாரிடமிருந்து, என்றைக்கு.

இந்தக் கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் ஒரு இத்தாலியத் துப்பாக்கி இருக்கிறது. ஐம்பதுகளில் சாமுவேல் கமிங்ஸ் போன்ற வியாபாரிகள் ஐரோப்பியக் கிடங்குகளை மொத்தமாக வாங்கினார்கள். வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் ஆற்றங்கரைக் கட்டடங்கள் முழுக்க அவருடைய சரக்கு. பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, பணம் அனுப்பினால், தபாலில் துப்பாக்கி வரும். 1963-ல் லீ ஹார்வி ஆஸ்வால்டு சிகாகோ கடையிலிருந்து அப்படித்தான் அந்த இத்தாலியத் துப்பாக்கியை, ஒரு கார்கானோவை, வரவழைத்தான். தொலைநோக்கியோடு 19 டாலர் 95 சென்ட், தபால் செலவு தனி. அதே ஆண்டு நவம்பரில் அதிபர் கென்னடி அதனால் சுடப்பட்டார். 1968-ல் வந்த சட்டம் தபால் விற்பனையையும் ராணுவக் கழிவு இறக்குமதியையும் நிறுத்தியது. பழம்பொருள் என்ற வகைக்கு மட்டும் கதவு மறுபடி திறந்தது 1984-ல். கையிலிருப்பது ஆயுதம் என்பதை மறக்கத் தோன்றும்போதெல்லாம் இந்த வரலாற்றை நினைத்துக்கொள்வேன். பிறகு இரும்புப் பெட்டகத்தின் பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.

பிப்ரவரி 17, சனி

சேகரிக்கும் நண்பர் வந்தார், எழுபதைத் தாண்டியவர். கட்டையை மணல்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். தேய்த்தால் முத்திரைகள் போகும். முத்திரை போனால் மிஞ்சுவது விறகும் இரும்பும். காய்ந்த கிரீஸை மெதுவாகத் துடைத்தோம். முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு வெளிப்பட்டது. மரம் பிளக்காமலிருக்க இந்தியாவில் சேர்த்த வலுவூட்டல். குழலில் அமெரிக்க இறக்குமதியாளரின் பெயர், பொடி எழுத்தில். ஒரு பேரரசு, ஒரு குடியரசு, ஒரு வியாபாரி என்று மூவர் கை மாறியது அந்த மூன்றடி இரும்பில் தெரிகிறது.

நண்பரிடம் 1903 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு ஒன்று உண்டு. வரிசை எண் 8 லட்சத்துக்குக் கீழே. அந்தக் காலத்துத் தொழிலாளர்கள் பழுத்த இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டைக் கணித்தார்கள். வெளிச்சம் மிகுந்த நாளில் நிறம் மங்கலாகத் தெரியும், சூடு கூடிப்போகும், உலோகம் நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். முதல் உலகப் போரின்போது சில வெடித்தே போயின. அவர் அதில் ஒரு தோட்டாகூடப் போட்டதில்லை. வரிசை எண்ணைப் படிக்கத் தெரிவது இங்கே உயிர்காக்கும் அறிவு.

பிப்ரவரி 25, ஞாயிறு

மதுரைக்குப் பேசினேன். பெரியப்பா ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடியோவில் காட்டியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“த்ரீ நாட் த்ரீ! இது எப்படிடா உன் கைக்கு வந்துச்சு?”

“காசு குடுத்து வாங்கினேன் பெரியப்பா.”

“பட்டத் திறந்து பாத்தியா? உள்ள எண்ணெய்க் குப்பி இருக்கணும். புல்த்ரூ இருக்கணும்.”

பித்தளை மூடியைத் தள்ளினேன். குப்பி இருந்தது, குழல் துடைக்கும் புல்த்ரூ கயிறு இல்லை. “கயிறு தொலஞ்சா எங்க சம்பளத்துல பிடிப்பாங்க” என்றார். தன் துப்பாக்கியின் பட் நம்பரை இன்றும் தடங்கலில்லாமல் சொல்கிறார். என் துப்பாக்கியின் கட்டையிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண்ணின் மிச்சம் இருக்கிறது. கடைசி இலக்கம் மட்டும் படிக்க முடிகிறது.

பக்கத்திலிருந்த தம்பி உடனே குதித்தான்: “அண்ணே, ஒருவேளை இது பெரியப்பா தூக்கினதாவே இருக்கலாம்ல?”

இருக்கலாம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவருடைய எண்ணின் கடைசி இலக்கம் வேறு.

ஊரில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமே கிடையாது. த்ரீ நாட் த்ரீயின் 303 தோட்டா அளவு பொதுமக்களுக்குத் தடை. அதனால்தான் இஷாப்பூர் ஆலையே 315 அளவில் தனியாக ஒரு ரைஃபிள் செய்து விற்றது. 2019-ன் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடியது இரண்டே துப்பாக்கிகள். உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடுதான் த்ரீ நாட் த்ரீக்கு விடைகொடுத்தது. வங்காளத்தில் செய்த பொருளை ஒஹையோவில்தான் நான் உடைமையாக வைத்திருக்க முடிகிறது.

மார்ச் 9, சனி

சுடுதளம். தோட்டா அமரும் இடைவெளியைத் துப்பாக்கி மெக்கானிக் அளந்து சரி என்றபின்தான் கிளம்பினேன். போல்ட் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் ஓடுகிறது. தோள்தான் இரவு வரை வலித்தது.

நண்பர் தன் சுவிஸ் கே-31ஐக் கொண்டுவந்திருந்தார். அதன் அடித்தகட்டைக் கழற்றினால் சிலவற்றில் மடித்த சீட்டு கிடைக்கும்; அதை வைத்திருந்த சிப்பாயின் பெயர், ஊர், படைப்பிரிவு. நண்பருடையதில் இருந்தது. அந்தப் பெயரை அவர் வெளியாருக்குச் சொல்வதில்லை, சீட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

மற்ற துப்பாக்கிகளில் பார்வையிட்ட அதிகாரிகளின் முத்திரை எல்லாம் இருக்கும், சுமந்தவன் இருக்கமாட்டான். அந்தக் காலியிடத்தில்தான் வியாபாரிகள் கதை நிரப்புகிறார்கள்: பர்மா காட்டில் சண்டையிட்டது, இன்ன தளபதியின் கையில் இருந்தது. கதையை வாங்காதே, துப்பாக்கியை வாங்கு என்பது இந்த வட்டாரத்தின் முதல் பாடம். நான் இன்னொன்று சேர்ப்பேன்: விற்கும்போதும் கதையைச் சேர்த்து விற்காதே. தெரியாதவனின் பெயரை நாமாக இட்டுக்கட்டினால் அவனை இரண்டாம் முறை அழிக்கிறோம். என்னுடையது 1943-ல் இஷாப்பூரில் செய்தது. அதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.

மார்ச் 10, ஞாயிறு

பெரியப்பா தாமாகவே கூப்பிட்டார். சுட்டேனா, தோள் வலிக்கிறதா என்று விசாரித்தார். விலை கேட்டார். சொன்னேன். ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்தார்.

“நாங்க சம்பளம் வாங்கிட்டு அதத் தூக்குனோம். நீ சம்பளத்தக் குடுத்துட்டுத் தூக்குற.”